ஊர் அரிப்பு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் சம்பங்கி, என் தங்கை சாமுண்டியின் புருஷன். மஞ்சள் கம்பெனி இரண்டாவது, ஊர் மூன்றாவது, எங்கள் குலதெய்வம் பச்சையம்மன் நான்காவது. கேமரா தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் இந்த வரிசையை மாற்றி, கம்பெனியை முதலில் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கம்பெனி முதலாளியின் முகத்தை நான் பார்த்ததில்லை, அவன் என் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தவனும் இல்லை. சம்பங்கியோ, அப்பா அம்மா போனபிறகு நான் வளர்த்த பெண்ணை என் கையால் தாரை வார்த்து வாங்கிக்கொண்டவன். தாரை வார்க்கும்போது, "அந்தக் கையில துணி சுத்திக்கோ மச்சான், பார்க்கறவங்களுக்குச் சோறு இறங்காது" என்று என் காதில் சொன்னவன். சுற்றிக்கொண்டேன். வரிசை அன்றைக்குப் போட்டது, இன்றுவரை மாறவில்லை.

அந்தக் கையில் இருந்தது கம்பெனி. தோல் ஷாப்புகளில் தோல் பதனிடுகிற குரோம் உப்பை அங்கேதான் காய்ச்சினார்கள், நான் அங்கே மூட்டை தூக்கினேன், மூட்டையிலிருந்து உதிர்கிற மஞ்சள் தூள் வியர்வையில் கரைந்து விரல் இடுக்கில் இறங்கி மிளகளவு ஓட்டை போட்டு எலும்பைப் பார்த்துத்தான் நின்றது. மூக்குக்குள் போன தூள் இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற தண்டைத் தின்றது. அப்படித் தின்று முடிந்தவனுக்குத் தும்மல் வராது என்பதால், மேஸ்திரி ஆள் எடுக்கும்போது, "மூக்குல நூல் போவுதாடா?" என்று கேட்பான். போகிறவனுக்கு உள்வேலை, போகாதவனுக்கு வெளிவேலை. எனக்கு நூல் போயிற்று. நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தேன், கை மூட்டையைப் பிடிக்க முடியாமல் போன அன்று அந்தப் பெயரோடு வெளியே அனுப்பினார்கள்.

கம்பெனி கழித்த மண்ணை அதன் பின்பக்கமே கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது பச்சையம்மன் கோபுரத்தைவிட உயர்ந்து ஒரு மஞ்சள் மலையாகி, மழை பெய்தால் மலை கரைந்து ஓடைக்கு வந்து, ஓடையிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து குடத்துக்கும் குடத்திலிருந்து உடம்புக்கும் வந்து, ஊர் முழுக்கச் சொறிந்தது. எங்கள் ஊருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பஸ் கண்டக்டர் விசிலடித்துவிட்டு, "சொறிப்பாக்கமெல்லாம் எறங்கு" என்பான், நாங்களும் சொறிந்துகொண்டே இறங்குவோம். குப்பைமேனி அரைத்துப் பூசினோம், புங்க எண்ணெய் தடவினோம், பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த ட்யூப் மருந்தை ஊருக்கே பங்கு போட்டோம். வெளியூரிலிருந்து பெண் கொடுப்பாரில்லை, எடுப்பாருமில்லை.

அப்போதுதான் சாமுண்டிக்கு யாமினி பிறந்தாள். பிறந்த சில மாதத்தில் குழந்தையின் காதுக்குப் பின்னால் கரப்பான் கண்டு, வெடித்து, நீர் கோத்து, அது பகலெல்லாம் தலையைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அழுதது. சம்பங்கி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண் சுவர்தான். அந்த வீட்டுக்குள் நான் நுழையக்கூடாது என்பது சம்பங்கியின் சட்டம், அதனால் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அழாத கழுத, அந்த அரிப்ப எனக்குக் குடுத்துட்டுத் தூங்கு" என்றேன். குழந்தை என்னைப் பார்த்தது. தூங்கிவிட்டது.

அதே நேரம் என் இடது காதுக்குப் பின்னால், காலணா அகலத்தில், இதுவரை என் உடம்பில் இல்லாத சின்னதாய் ஒரு அரிப்பு எழுந்து உட்கார்ந்தது. அது குழந்தையின் அரிப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பால் வாசனை அடித்தது.

சாயங்காலம் சாமுண்டி குழந்தையின் காதை மடக்கிப் பார்த்தாள். தோல் வாழைக் குருத்து மாதிரி இருந்தது. அவள் சத்தம் போட, சம்பங்கி வந்து பார்த்து, சுவருக்கு வந்து என் காதையும் பார்த்தான். "இன்னா மச்சான் பண்ண?" என்றான். "கேட்டேன், குடுத்தா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசித்தால் ஊருக்கு நல்லது நடக்கும், எனக்கு நடக்காது. மறுநாள் விடிந்தபோது என் வாசலில் ஊர் நின்றது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமில்லாமல் சொறிந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஊர்த் தலைவர் துரைக்கண்ணு, வலது முழங்கையைத் தூணில் தேய்த்துக்கொண்டே, "கன்னியப்பா, உன் உடம்பு ஏற்கனவே கெட்டுப்போன உடம்பு, அதுல இன்னும் கொஞ்சம் ஏறினா ஒனக்குத் தெரியவா போவுது?" என்றார்.

"தெரியாதுதான் தலைவரே. எனக்கு இன்னா குடுப்பீங்க?"

"கேளு."

"யாமினிக்குக் காது குத்தறப்ப என் மடிதான் போடணும். ஊர் பார்க்கணும்."

ஊர் சிரித்தது. தாய்மாமன் மடியில் வைக்காமல் எங்கேயாவது காது குத்துவார்களா, உன் உரிமையை யாரடா உனக்குத் தருவது என்று சிரித்தார்கள். நான் சிரிக்காமல் சம்பங்கியைப் பார்த்தேன். கல்யாணத்தன்று கையில் துணி சுற்றச் சொன்னவன் காதுகுத்தன்று என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். தலைவர் அதட்டியதும் சம்பங்கி குழந்தையை வாங்கிக்கொண்டு வந்து, அதன் தலையில் கை வைத்து, "மச்சான் மடிதான், பச்சையம்மன் சாட்சி" என்றான். ஊர் சாட்சி. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, குடுங்கள் என்றேன். கொடுத்தார்கள்.

தலைவர் முழங்கையைக் கொடுத்தார், அது மைக் சத்தம் கேட்டால் எழுந்துகொள்ளும் அரிப்பு. எஸ்தர் டீச்சரின் அரிப்பு மரியாதையானது, முதல் மணி அடித்ததும் தோளில் வந்து உட்காரும், பள்ளிக்கூடம் விட்டதும் போய்விடும். தீராப் பகையில் இருந்த இரண்டு பங்காளிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து, இருவரும் என் முதுகில் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், அந்த இரண்டு அரிப்பும் இன்றுவரை வரப்புச் சண்டை போடுகின்றன. புதுப்பெண்கள் விரல் இடுக்கைக் கொடுத்தார்கள், கிழவர்கள் தொடையைக் கொடுத்தார்கள். பூசாரி கொடுத்த இடத்தை நான் சொல்லப்போவதில்லை. கடைசியாகச் சம்பங்கி வந்தான். அவன் அரிப்பு உள்ளங்காலில். அது எப்போது அரிக்கும் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அவன் பொய் சொல்லும்போதெல்லாம் அரித்தது, அதனால் எனக்கு நடக்கவே நேரமில்லாமல் போயிற்று.

கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் என்னால் முடியும். எடுத்துக்கோ என்று நான் சொல்ல, சரி என்று அவர்கள் சொல்ல வேண்டும். எவன் சொல்வான்?

ஊர் அழகாயிற்று. பெண்கள் கையில்லாத ரவிக்கை போட்டார்கள். தரகர்கள் வந்தார்கள், மினி பஸ் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கண்டக்டர் ஊரின் நல்ல பெயரைக் கற்றுக்கொண்டான். எனக்கு வீட்டுக்கு ஒரு நாள் சோறு என்று முறை வைத்தார்கள். சோற்றை என் கையில் கொடுக்காமல் வாசலில் ஒரு கல்லின் மேல் இலை போட்டு வைத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்று கத்திவிட்டு ஓடினார்கள். நாவிதர் என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் என்னை வெளியே வரவேண்டாம் என்றார்கள், பிறகு எந்த நாளில் யார் வருவார் என்று தெரியாததால் எந்த நாளும் வரவேண்டாம் என்றார்கள். "நம்ம ஊரு குப்பைத்தொட்டி" என்று தலைவர் என்னைச் சொன்னதை யாரோ ஆசையாக வந்து என்னிடம் சொன்னார்கள்.

இப்படி இருக்கும்போது கோர்ட்டு உத்தரவு போட்டு டாக்டர்களும் அதிகாரிகளும் வந்தார்கள். சொறிந்துகொண்டிருந்த காலத்தில் ஊரே கைநாட்டு வைத்துப் போட்ட கேஸ் அது, போட்டதை ஊர் மறந்திருந்தது. கம்பெனியை மூடி மலையை அள்ள வேண்டுமா என்று பார்க்க வந்தவர்கள், கோயில் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அதுவோ கல்யாண மாதம். ஊர் பட்டுக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது.

"உங்களுக்குத் தோல் வியாதி ஏதாவது?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"எங்க ஊர்லயே அந்தச் சீக்குக் கெடையாதும்மா" என்றார் தலைவர், முழங்கையை நீட்டிக் காட்டி.

"முன்னாடி?"

"முன்னாடியும் கெடையாது. எங்க பரம்பரையே செவப்பு."

ஒவ்வொருவராகக் காட்டினார்கள், பெருமையாகக் காட்டினார்கள். சம்பந்திகள் தலையாட்டினார்கள். கடைசியில் டாக்டரம்மா, "ஒருத்தருக்குக்கூட இல்லையா?" என்று கேட்டபோது என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்து சட்டையைக் கழற்றினேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். இத்தனை பேருடையது இது, இந்த முழங்கை தலைவருடையது, இந்தத் தோள் டீச்சருடையது என்று நான் காட்டிக்கொண்டே வர, சம்பங்கி குறுக்கே வந்து, "அவருக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லீங்க. இது அவங்கப்பாவுக்கே இருந்துது, பரம்பரை. என் சம்சாரத்துக்கு வரலை, சாமி புண்ணியம்" என்றான். என் அப்பா செத்தபோது அவர் தோலில் ஒரு மச்சம்கூடக் கிடையாது. என் உள்ளங்கால் தீயில் வைத்த மாதிரி அரித்தது, நான் அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து காலைச் சொறிந்தேன். பைத்தியம்தான் என்று எல்லோருக்கும் நிச்சயமாயிற்று.

ஒரே ஒரு நோயாளி, அதுவும் பரம்பரை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மலை அங்கேயே இருந்தது. கம்பெனி ஊருக்கு லட்டு அனுப்பியது. எனக்கும் ஒன்று கல்லின் மேல் வைத்தார்கள்.

யாமினிக்கு மூன்று வயது முடிந்து காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் சீர் தாய்மாமன் செய்ய வேண்டும், செய்தேன். பட்டுப் பாவாடை, கம்மல், ஆட்டுக்கிடா, மடிக்குக் கட்டிக்கொள்ளக் கரை போட்ட புது வேட்டி. அன்று காலை சம்பங்கி சுவருக்கு வந்து சிரித்துக்கொண்டே, "சீரை மட்டும் குடுத்தனுப்பு மச்சான். நேரம் வந்ததும் நானே வந்து கூட்டிக்கினு போறேன், இங்கியே இரு" என்றான். உள்ளங்கால் அரித்தது. இருந்தாலும் கொடுத்தனுப்பினேன், வேட்டி உட்பட, ஏனென்றால் குழந்தை தலையில் அடித்த சத்தியத்தை ஒருவன் மீறுவான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மேளம் கேட்டுத்தான் எழுந்து போனேன். பந்தலுக்கு வெளியே என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். உள்ளே நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன்மேல் என் புது வேட்டியை மடி மாதிரி குழித்து விரித்து, அதில் யாமினியை உட்கார வைத்து, பத்தர் ஊசியைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

"மாமன் வேட்டிதான, மாமன் மடிதான் அது" என்றார் தலைவர். ஊர் ஆமாம் என்றது. சாமுண்டி சீர்த் தட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. யாமினி அழுதபோது நாற்காலிக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. என் காதுக்குப் பின்னால் சுருக்கென்றது.

அரிப்பு என்பது நாய். வாசலில் கட்டிய நாய் மாதிரி, உள்ளே வருகிற திருடனைப் பார்த்துக் குரைப்பதற்காக அதை உடம்பில் கட்டியிருக்கிறது. இவர்கள் நாய்களையெல்லாம் என் வீட்டில் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அரிக்காத தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று மஞ்சள் கிணற்றில் குளித்தார்கள், குடித்தார்கள், மஞ்சளாக இருப்பதே மங்கலம் என்று புதுமணத் தம்பதிக்கு அதில் நீர் வார்த்தார்கள். உள்ளே போனது உள்ளேயே தங்கி, சத்தமில்லாமல், ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று உட்கார்ந்தது. முதலில் எஸ்தர் டீச்சர் போனாள். முதல் மணி அடித்தும் என் தோள் அரிக்கவில்லை, பார்த்தால் அந்த இடம் காய்ந்து பொருக்காக உதிர்ந்து, அடியில் புதுத்தோல். சாவுச் செய்தி அதற்கப்புறம்தான் வந்தது. உடையவன் செத்தால் அவன் அரிப்பும் என்னை விட்டுப் போகிறது என்று அப்படித் தெரிந்துகொண்டேன். தலைவர் இறந்த அன்று பல வருஷத்துக்குப் பிறகு முழங்கையை ஊன்றி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். எல்லோரும் அழகாகச் செத்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டியவர்கள், என்ன தோல், என்ன தோல் என்றார்கள்.

அதையும் ஊர் பழகிக்கொண்டது. வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் போன் எடுக்காவிட்டால், தாய்மார்கள் தூரத்தில் நின்று, "கன்னியப்பா, என் புள்ளையோட இடம் எப்படி இருக்குது பாரு" என்பார்கள். நான் முதுகைத் திருப்பிக் காட்டுவேன்.

யாமினிக்கு ஒன்பது வயதில் முகம் உப்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சம்பங்கி சுவருக்கு வந்தான். சிரிப்பில்லை.

"ரத்தத்துல அவ்வளவு கலந்திருக்குதாம் மச்சான். இவ்வளவு இருந்தா தோல்ல காட்டியிருக்கணுமே, அப்பவே கூட்டியாந்திருந்தா புடிச்சிருக்கலாமேன்னு கேக்கறாங்க. அவளோடத அவளுக்கே குடுத்துடு. உள்ள போனது தோல் வழியா வெளிய வந்துடும்."

என் கால் அரிக்கவில்லை. உண்மையாகத்தான் நம்பினான்.

"குடுக்கறேன்" என்றேன். "மொதல்ல எனக்குண்டானது. பந்தல் போடு. பத்தரைக் கூப்பிடு. ஊர் வரணும். மடியில உட்காரட்டும், உட்கார்ந்ததும் எடுத்துக்கோன்னு சொல்றேன்."

"காதுதான் குத்தியாச்சே மச்சான்?"

"ஸ்கேன் எடுக்கறப்ப கம்மலைக் கழட்டினாங்க இல்ல? திரும்பப் போட்டீங்களா? போடலை. தூர்ந்துபோச்சு. எனக்குத் தெரியும், அன்னிக்கி வந்த சுருக்கு இங்க அடங்கிப்போச்சு" என்று என் காதைக் காட்டினேன்.

பந்தல் போட்டான். இருந்த ஊர் வந்தது, மேளம் வந்தது, பத்தர் ஊசியைச் சுட்டார். அதே வேட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். யாமினியைக் கூட்டிவந்தார்கள். உப்பிய முகத்திலும் என் தங்கையின் மூக்கு அப்படியே இருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். பிறகு சம்பங்கி பக்கம் திரும்பி, ஊர் கேட்கக் கத்தினாள்:

"மாட்டேன்! நீதான சொன்ன, மாமாகிட்டப் போனா ஊர்ச் சொறியெல்லாம் ஒட்டிக்கும்னு? சுவரைத் தொட்டதுக்கே என்னை அடிச்ச இல்ல?"

மேளம் நின்றது. சம்பங்கி அவள் கையைப் பிடித்தான், பங்காளி ஒருவன் காலைப் பிடித்தான், தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் திமிறிய திமிறலில் பாவாடை கிழிந்தது.

"விடுங்கடா" என்றேன். "புடிச்சி வச்ச புள்ள உட்கார்ந்த புள்ள ஆவாது."

இதை இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாற்காலியை மடி என்றார்களே, அது மாதிரி இதையும் ஒப்பேற்ற விடமாட்டேன். சம்பங்கி என் காலில் விழுந்தான், தள்ளி விழுந்தான், தொடாமல். "மடியில்லாம குடு மச்சான், அவ சரின்னு சொல்லுவா" என்றான். பழைய கடன் நிற்கும்போது புதுசாக எதையும் தருகிற வழக்கம் எனக்கில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் அவளை மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள்.

சாமுண்டி இப்போது காலைதோறும் வருகிறாள். யாமினிக்குப் பின் பிறந்த சின்னவன் இன்னும் பால் மறக்கவில்லை, அதனால் ஆஸ்பத்திரியில் சம்பங்கிதான் இருக்கிறான். போன் போட்டால் நல்லா இருக்கா என்கிறான். அவன் அப்படிச் சொல்கிற நேரம் எனக்குத் தெரியும், நேற்று உள்ளங்காலில் ரத்தம் வருகிறவரை அரித்தது. அதை நான் அவளிடம் சொல்வதில்லை. அவளும் புருஷன் பேச்சை நம்புவதில்லை. புங்கமரத்தடியில் நின்று, கிட்டே வராமல், ஒன்றே ஒன்றைக் கேட்கிறாள்.

"அண்ணா, அரிக்குதா?"

உடனே சொல்லமாட்டேன். பல் துலக்குவேன், கோழியை விரட்டுவேன், இல்லாத விறகைப் பொறுக்குவேன். அவள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நிற்பாள். அன்று பந்தலில் தட்டை எண்ணினாயே, அத்தனை நேரம் நில் என்று நிற்கவைப்பேன். பிறகு, "அரிக்குது, போ" என்பேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள்.

மற்ற அரிப்புகளுக்கு நகம் இருக்கிறது, தேங்காய் ஓடு இருக்கிறது, சுவர் இருக்கிறது. காதுக்குப் பின்னால் அந்தக் காலணா இடத்தை மட்டும் நான் சொறிந்ததே இல்லை. இப்போதெல்லாம் அது மெல்லத்தான் எழுகிறது, எறும்பு ஒன்று வழி தெரியாமல் நிற்கிற மாதிரி. அது எழுகிறவரை அசையாமல் படுத்திருக்கிறேன்.

வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். நாற்காலியை என் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சம்பங்கி பெண்ணோடு வந்தாலும் சரி, பெண் இல்லாமல் வந்தாலும் சரி, கடன் தீர்ந்தது என்று என் வாய் சொல்லாது. அவள் தன் காலால் நடந்து வந்து உட்கார வேண்டும். அதுவரைக்கும் அவன் எனக்குக் கடன்காரன்.